ஏறினாலும் இறங்கினாலும் அவன் பாடு

வீடு கட்டப்போகிறேன் என்று யாரிடமாவது வாய்விட்டுப் பாருங்கள். மாமா, மச்சான், ஆபீஸ் நண்பர், பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் என்று எல்லோரும் ஒரே புத்திமதியைத்தான் சொல்வார்கள். "மெட்டீரியலோட சேத்து சதுர அடிக்கு ஒரு ரேட்டப் பேசி முடிச்சிரு. அப்புறம் ஏறுனாலும் எறங்குனாலும் அவன் பாடு."

இந்த 'அவன் பாடு' என்பதோடுதான் எனக்குச் சண்டை. திண்ணையில் பேசும்போது இது வெறும் புத்திமதி. அரசு அலுவலகத்துக்குள் போனால் டெண்டர் நிபந்தனை. நிதி ஆலோசகரின் கணினியில் இருபத்தைந்து வருடத்துக்கும் மாறாமல் இழுத்துவிட்ட ஓர் எண். பெயர்தான் வேறு, நம்பிக்கை ஒன்றே. விலையை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் விலை ஏறும் ஆபத்து நம்மைவிட்டு எதிராளியிடம் போய்விட்டது, இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்ற நம்பிக்கை. அப்படித் தூங்கியவர்களில் நானும் ஒருவன்.

2020 கடைசியில் மாடி எடுத்தேன். 900 சதுர அடி, சதுர அடிக்கு 1,750 ரூபாய், எல்லாம் சேர்த்து. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டாயிற்று. அப்போது கம்பி கிலோ ஐம்பது ரூபாய்க்குள் கிடைத்தது. அடுத்த சில மாதங்களில் அறுபதைத் தாண்டி எழுபதை நோக்கிப் போனது. சிமெண்டும் கூடவே ஏறியது. செய்தி பார்க்கும்போதெல்லாம் மச்சான் போன் பண்ணுவார். "பாத்தீங்களா மாமா, நல்லவேளை ரேட்ட முன்னாடியே பேசிட்டோம்." எனக்கும் உள்ளூரக் குஷி. யாரோ ஒருவர் செலவில் எனக்கு மலிவாக வீடு வருகிறது என்று யாருக்குத்தான் குஷி வராது?

ஒரு சனிக்கிழமை காலை, பில்லருக்குக் கம்பி கட்டி வைத்திருந்தார்கள். ஞாயிறு கான்கிரீட். சும்மா பார்க்கலாமே என்று டேப்போடு சாரத்தில் ஏறினேன். வரைபடத்தில் ரிங்குக்கு ரிங் ஆறு அங்குலம். அளந்தால் எட்டு. மேலே போகப்போக ஒன்பது. இன்னொரு பில்லரில் பன்னிரண்டு எம்எம் இருக்க வேண்டிய இரண்டு இடத்தில் பத்து எம்எம் நின்றது. மேஸ்திரியைக் கேட்டால் அவர் கொத்தனாரைப் பார்த்தார், கொத்தனார் சித்தாளைப் பார்த்தார். சாயங்காலம் காண்டிராக்டர் வந்தார். சத்தம்போடத் தயாராக இருந்தேன். அவர் சத்தமே போடவில்லை. "சார், போன மாசத்துலருந்து கைக்காச போட்டுத்தான் ஓட்டிட்டிருக்கேன். நீங்க அளந்து பாப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா வேற எங்கயாவது பிடிச்சிருப்பேன்" என்றார். அவ்வளவு நேர்மையான பதிலை அதற்கு முன்பும் பின்பும் எந்தக் காண்டிராக்டரிடமும் நான் கேட்டதில்லை.

அன்று இரவு கணக்குப் போட்டேன். 900 சதுர அடிக்குக் கம்பி தோராயமாக மூன்றரை டன். கிலோவுக்கு 17 ரூபாய் ஏறினால் கம்பியில் மட்டும் 60,000 ரூபாய். மொத்த ஒப்பந்தமே பதினைந்தே முக்கால் லட்சம். அதில் நூற்றுக்குப் பத்து கிடைத்தால் அவருக்கு லாபம் ஒன்றரை லட்சம். சிமெண்டு, எம்-சாண்ட், டிராக்டர் வாடகை எல்லாம் ஏறியதைச் சேர்த்தால் அந்த லாபத்தில் பாதிக்கு மேல் போய்விடும். ஆக, நான் பேசிய 1,750 ரூபாய் கடைசிவரை ஒரு ரூபாய்கூட மாறவில்லை. மாறிக்கொண்டிருந்தது பில்லர். ரூபாயை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ரிங்கைப் பார்க்கவில்லை. கான்கிரீட்டை ஊற்றிவிட்டால் உள்ளே எத்தனை ரிங் இருக்கிறதென்று எண்ணிச் சொல்ல ஆளும் கிடையாது.

இது சில்லறை காண்டிராக்டர்களின் புத்தி, பெரிய இடங்களில் பெரிய கம்பெனிகளோடு, வக்கீல்களை வைத்து எழுதும் ஒப்பந்தங்களில் இப்படி நடக்காது என்பவர்கள் முந்த்ரா கதையைக் கேட்க வேண்டும்.

குஜராத்தின் கட்ச் கடலோரத்தில் 4,000 மெகாவாட் அனல்மின் நிலையம். 'அல்ட்ரா மெகா' என்று மத்திய அரசு பெயர்வைத்த திட்டங்களில் முதல் வரிசையில் வந்தது. 2006 டிசம்பரில் டெண்டரை வென்ற டாடா பவர் கேட்ட விலை யூனிட்டுக்கு 2 ரூபாய் 26 காசு. இருபத்தைந்து வருடத்துக்கும் சேர்த்துச் சமன்செய்த விலை அது. 2007 ஏப்ரலில் குஜராத், மகாராஷ்டிரம், பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் ஆகிய ஐந்து மாநிலங்களின் மின் நிறுவனங்கள் கையெழுத்துப் போட்டன. இரண்டே கால் ரூபாய்க்கு மின்சாரம், அதுவும் கால் நூற்றாண்டுக்கு! வெளிப்படையான போட்டி நுகர்வோருக்குத் தந்த பரிசு என்று அதைக் கொண்டாடாதவர் குறைவு. என் மச்சான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். இல்லையென்றால் அவரும் கொண்டாடியிருப்பார்.

நிலக்கரி முழுக்க இறக்குமதி, பெரும்பகுதி இந்தோனேஷியாவிலிருந்து. அப்படியிருக்க, நிலக்கரி விலை ஏறினால் என்ன செய்வது என்று யாருமே யோசிக்கவில்லையா? யோசித்தார்கள். டெண்டர் எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. விலையை ஏறும் பகுதி, ஏறாப் பகுதி என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கலாம் என்று விதி இருந்தது. ஏறும் பகுதி, மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அறிவிக்கும் விகிதப்படி கூடிக் குறையும். ஏறாப் பகுதிக்கு, டெண்டரில் எழுதிக்கொடுத்த எண்தான் கடைசிவரை. எரிபொருள் கட்டணத்தில் 45 சதவீதத்தை மட்டும் ஏறும் பகுதியில் வைத்து, மீதி 55 சதவீதத்தை ஏறாப் பகுதியில் வைத்தது டாடா பவர்.

ஏன் அப்படி வைக்க வேண்டும்? இங்கேதான் மாதிரிக் கணக்கின் கைவரிசை. யார் குறைவான விலை என்று மதிப்பிடும்போது, ஏறும் பகுதியை ஆணையத்தின் விகிதப்படி வருடாவருடம் ஏற்றிக் கணக்கிடுவார்கள். ஏறாப் பகுதியை எழுதியபடியே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே "நிலக்கரி விலை எனக்குத் தெரியாது, அது உலகச் சந்தை சொல்வது" என்று உண்மையைச் சொன்னவரின் விலை தாளில் கனமாகத் தெரியும். "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று துணிந்தவரின் விலை லேசாகத் தெரியும். துணிந்தவருக்கு அந்த ஆபத்தைத் தாங்கும் தெம்பு உண்டா என்று கேட்கும் கட்டம் அந்தத் தாளில் கிடையாது. தன் கையில் இல்லாத ஒன்றுக்கு யார் அதிகம் வாக்குக் கொடுக்கிறாரோ அவருக்கே வேலை. சதுர அடி ரேட்டில் எல்லோரையும்விட ஐம்பது ரூபாய் குறைத்துச் சொல்பவரை நாம் தேடிப் பிடிப்பதும் இதே விதிப்படிதான்.

2010 செப்டம்பரில் இந்தோனேஷிய அரசு ஒரு விதி போட்டது. தன் நாட்டு நிலக்கரியை, அரசு மாதந்தோறும் அறிவிக்கும் அளவுகோல் விலைக்குக் குறைவாக யாரும் ஏற்றுமதி செய்யக் கூடாது. ஏற்கெனவே போட்டிருந்த நீண்டகால ஒப்பந்தங்களும் ஒரு வருடத்துக்குள் இதற்கு ஒத்துவர வேண்டும். 2011 தொடக்கத்தில் அந்த அளவுகோல் விலை டன்னுக்கு நூறு டாலரைத் தாண்டி நின்றது. முந்த்ராவின் முதல் அலகு ஓடத் தொடங்கியது 2012 மார்ச்சில். அதாவது, பிறக்கும்போதே நட்டம்.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வழக்கு விவரம் யாருக்கும் சுவைக்காது. ஈடு கேட்டு ஆணையத்துக்குப் போனார்கள். பக்கத்திலேயே இருக்கும் அதானி பவர் நிலையமும் இதே முறையீட்டோடு போனது. 2013இல் ஆணையம் ஈட்டுக் கட்டணம் தரலாம் என்றது. மறு வருடம் டாடாவுக்கு யூனிட்டுக்கு 52 காசு அளவில் கணக்கிட்டது. மாநிலங்கள் மேல்முறையீடு செய்தன. 2016இல் தீர்ப்பாயம், வேறு காரணம் சொல்லி, நிவாரணம் உண்டு என்றது. 2017 ஏப்ரல் 11 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. 'சட்ட மாற்றம்' என்று ஒப்பந்தத்தில் இருப்பது இந்தியச் சட்டத்தைத்தான் குறிக்கும், இந்தோனேஷியச் சட்டத்தை அல்ல; விலை ஏறியதால் மட்டும் ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாததாகிவிடாது என்றது தீர்ப்பு. அதில் எடுத்துக்காட்டிய பழைய வழக்குகளில் ஒன்று, உலகப் போர்க்காலத்தில் ராணுவத்துக்கு நெய் சப்ளை செய்தவர்களுடையது. போரால் நிலைமை மாறிவிட்டது, பேசிய தொகை கட்டவில்லை என்று வந்தவர்களுக்கும் 1960இல் இதே பதில்தான் கிடைத்திருந்தது.

'அவன் பாடு' கட்சிக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேண்டுமா? நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இனி நிலக்கரி ஏறினாலும் இறங்கினாலும் டாடா பாடு, அதானி பாடு.

இரண்டே மாதத்தில் டாடா பவர் ஒரு கடிதம் எழுதியது. நிலையத்தின் 51 சதவீதப் பங்கை வாங்கும் மாநிலங்களே எடுத்துக்கொள்ளுங்கள், விலை ஒரு ரூபாய். ஐந்து மாநிலங்களில் ஒன்றும் அந்த ஒரு ரூபாயை எடுத்து நீட்டவில்லை. 2018இல் குஜராத் அரசே, ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில், இந்த நிலையங்களை எப்படிக் காப்பாற்றுவது என்று குழு அமைத்தது. வழக்கில் வென்றவர்கள், தோற்றவரைக் கைதூக்கிவிட வழி தேடியதைக் கவனியுங்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை. டாடாவின் நட்டம் தங்கள் ஊர் இருட்டு என்று அவர்களுக்குத் தெரியும்.

2021இல் நிலக்கரி மறுபடி ஏறியது. செப்டம்பரில் முந்த்ரா நின்றது. அந்த அக்டோபரில் நாடெங்கும் மின்பற்றாக்குறை. மின்சந்தையில் சில நேரங்களில் யூனிட் இருபது ரூபாய்வரை போனது. கையில் 2 ரூபாய் 26 காசு ஒப்பந்தம், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, வெளியே இருபது ரூபாய்ச் சந்தை. 2022 மே 5 அன்று மத்திய மின் அமைச்சகம் மின்சாரச் சட்டத்தின் 11ஆம் பிரிவை எடுத்தது. இறக்குமதி நிலக்கரி நிலையங்கள் எல்லாம் முழுத் திறனில் ஓட வேண்டும், நிலக்கரிச் செலவைக் கணக்கிட்டு அதற்கேற்ற கட்டணம் கிடைக்கும் என்றது. அந்த உத்தரவு பிறகு பலமுறை நீட்டிக்கப்பட்டது. பல வருடம் "தர மாட்டோம்" என்று வாதாடியதை அவசர உத்தரவு போட்டுக் கொடுத்தார்கள், அதுவும் அளவுகோல் விலை டன் முந்நூறு டாலரைத் தாண்டிய வருடத்தில்.

டாடா பவராவது கட்டி முடித்தது, வருடக்கணக்கில் நட்டத்தோடு ஓட்டியது. ஆந்திரத்தின் கிருஷ்ணபட்டினத்தில் இதே அளவு நிலையத்துக்கு யூனிட் 2 ரூபாய் 33 காசு என்று வென்ற ரிலையன்ஸ் பவர், இந்தோனேஷிய விதி வந்ததும் 2011இல் வேலையையே நிறுத்திவிட்டது. அதில் மின்சாரம் வாங்கக் கையெழுத்திட்டிருந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அந்த 2.33 ரூபாய்க்கு நமக்கு ஒரு யூனிட்கூட வரவில்லை. 2013இல் நம் மின்வாரியம் பதினைந்து வருடத்துக்கு வேறு கம்பெனிகளிடம் பேசிய விலை 4 ரூபாய் 91 காசு. 'மலிவு' என்று எதைச் சொல்கிறோம் என்பதற்கு இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

இப்போது எதிர்க்கட்சியின் வாதங்கள். அவற்றில் லேசானவை எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் வாதம்: ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம். லாபம் வந்தால் பங்கு தருவார்களா? விலை இறங்கியிருந்தால் 2.26ஐக் குறைத்திருப்பார்களா? மாட்டார்கள். தெரிந்தே துணிந்தார்கள், அனுபவிக்கட்டும். இதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் சொன்னதும் சரியே. பேசியதற்கு மேல் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. எனக்கு வழக்கு கம்பெனியோடு அல்ல, டெண்டரோடு. விலை ஏறும் ஆபத்து கம்பெனியிடம் போய்விட்டது என்று நினைத்தவர்கள் அந்தக் கம்பெனி எது என்று பார்க்கவில்லை. ஒப்பந்தத்தில் இருந்தது டாடா குழுமம் அல்ல, இந்த ஒரு நிலையத்துக்காகவே உருவாக்கிய 'கோஸ்டல் குஜராத் பவர்' என்ற தனி நிறுவனம். அதன் சொத்து அந்த நிலையம், அதன் மூலதனம் பெரும்பாலும் வங்கிக் கடன். இப்படிப்பட்ட ஒருவரிடம் "நட்டம் உன் பாடு" என்று எழுதி வாங்கினால், நட்டம் சிறிதாக இருக்கும்வரை அது அவர் பாடு. மூலதனத்தைத் தின்னும் அளவுக்குப் பெரிதானதும் அது வங்கி பாடு, பிறகு மாநிலத்தின் பாடு, கடைசியில் கரண்ட் பில் கட்டுபவர் பாடு. விலை இறங்கினால் லாபம் அவருக்கு, எக்கச்சக்கமாக ஏறினால் சாவி நமக்கு. மாறாத விலை என்று நாம் வாங்கிவந்தது இதைத்தான்.

இரண்டாவது வாதம் கொஞ்சம் சூட்டிகையானது. டாடா பவர் 2007இலேயே இந்தோனேஷியச் சுரங்கங்களில் முப்பது சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. நிலக்கரி ஏறியபோது அங்கே லாபம் பார்த்ததே, அதை இங்கே கொண்டுவந்து கொட்டக் கூடாதா? குழுமத்தை மொத்தமாகப் பார்த்தால் நியாயமான கேள்வி. ஆனால் ஒப்பந்தம் எழுதும்போது அந்தச் சுரங்க லாபத்தை இந்த நிலையத்தோடு கட்டிப்போடும் வரி ஒன்றையும் வாங்கும் மாநிலங்கள் கேட்டு வாங்கவில்லை. ஏன் கேட்கவில்லை? விலையைத்தான் பூட்டியாயிற்றே, அப்புறம் அவன் எங்கே சுரங்கம் வாங்கினால் நமக்கென்ன என்ற அதே நிம்மதி. பூட்டிய விலையின் பெரிய தீமை, அதைத் தவிர வேறெதையும் கேட்கவிடாமல் அது நம் வாயை அடைப்பதுதான்.

மூன்றாவது வாதம் டாபோல். இதுதான் கனமானது. தொண்ணூறுகளில் மகாராஷ்டிர மின்வாரியம் டாபோல் மின் நிலையத்துக்காக என்ரான் என்ற அமெரிக்கக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் எதுவும் பூட்டப்படவில்லை. எரிபொருள் செலவு அப்படியே பில்லில் ஏறும், கட்டணம் டாலரோடு கட்டப்பட்டிருந்தது, மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் உண்டு. 1999இல் ஓடத் தொடங்கியது, 2001இல் மின்வாரியம் தாங்க முடியாமல் நிலையம் நின்றது. ஆன செலவைக் கொடு என்றால் செலவை ஊதிக் காட்டுவான் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. 2003 மின்சாரச் சட்டம் போட்டி டெண்டருக்குக் கதவு திறந்ததற்குப் பின்னால் அந்தக் காயமும் உண்டு. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் டாபோலைப் பார்த்துப் பயந்து முந்த்ராவுக்கு ஓடியவர்கள், நடுவில் இருந்த வழியைத் தாண்டித்தான் ஓடினார்கள்.

அந்த நடுவழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்தப் படிவத்தில் '10 சிசி' என்று ஒரு ஷரத்து நெடுங்காலமாக இருக்கிறது. காண்டிராக்டர்களுக்கு அது மனப்பாடம். நீண்டகால வேலைகளில், செய்த வேலையின் மதிப்பில் 85 சதவீதத்துக்கு, கூலி, பொருள் என்று பங்கு பிரித்து, அரசு வெளியிடும் குறியீட்டெண் எவ்வளவு ஏறியதோ அந்த விகிதத்தில் கூட்டிக் கொடுப்பார்கள். இறங்கினால் பிடிப்பார்கள். காண்டிராக்டர் எந்தக் கடையில் என்ன பில் வாங்கினார் என்று யாரும் கேட்பதில்லை, அதனால் பில்லை ஊதிப் பயனில்லை. குறியீட்டெண்ணைவிட மலிவாக வாங்கத் தெரிந்தால் அது அவர் சாமர்த்தியம். எந்த ஆபத்து யார் கையில் இருக்கிறதோ அதை அவரிடம் விடுவதுதான் இதன் சூட்சுமம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிராம் நிலக்கரி எரிக்கிறான், நிலையத்தை எத்தனை மாதத்தில் கட்டுகிறான் என்பது மின் கம்பெனி கையில். அதை இரும்புப் பூட்டாகப் பூட்டுங்கள், மீறினால் அபராதம் போடுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஜகார்த்தாவில் அமைச்சர் போடும் கையெழுத்து யார் கையில்?

பணக்கார நாட்டுக் கம்பெனிகள், சட்டம் கறாரான இடங்கள் என்றால் பூட்டு நிற்கும் என்று இன்னும் நம்புபவர்களுக்கு அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸைச் சொல்லலாம். ஒரே கம்பெனி, நாற்பது வருட இடைவெளியில், இரண்டு முறை. அணு உலைகளை விற்பதற்காக, வாங்குபவர்களுக்கு யுரேனியத்தையும் நிலையான விலையில் தருவதாக எழுதிக்கொடுத்தது. விலை சராசரியாகப் பவுண்டு 9.50 டாலர் அளவில். கையில் இல்லாத சரக்கு கோடிக்கணக்கான பவுண்டு. சந்தை விலை நாற்பது டாலரை நோக்கிப் போனதும், 1975 செப்டம்பரில், கொடுக்க முடியாது என்று கைவிரித்தது. மின் நிறுவனங்கள் வழக்குப் போட்டன. நீதிமன்றம் வெஸ்டிங்ஹவுஸின் சாக்கை ஏற்கவில்லை. அப்படியும் யுரேனியம் வந்ததா? பெரும்பாலான வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. ரொக்கம் கொஞ்சம், தள்ளுபடியில் இயந்திரம் கொஞ்சம், சேவை கொஞ்சம்.

அந்தச் சூடு ஆறியிருக்கும்போல. தென் கரோலினாவில் வி.சி. சம்மர் என்ற இடத்தில் இரண்டு அணு உலைகள் கட்டும் வேலையில் செலவு ஏறிக்கொண்டே போக, 2015-16இல் மின் நிறுவனம் அதே வெஸ்டிங்ஹவுஸோடு நிலையான விலைக்கு மாறியது. இனிமேல் கூடுதல் செலவெல்லாம் அவன் பாடு. 2017 மார்ச் 29 அன்று வெஸ்டிங்ஹவுஸ் திவால் மனு போட்டது. ஜூலை 31 அன்று இரண்டு உலைகளையும் பாதியில் கைவிட்டார்கள். செலவாகியிருந்தது சுமார் 900 கோடி டாலர். அதில் ஒரு பகுதியை மின்நுகர்வோர் ஏற்கெனவே பில்லில் கட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு யூனிட் மின்சாரமும் பார்க்காமல். பக்கத்து ஜார்ஜியாவில் வோக்டில் நிலையத்தை, வெஸ்டிங்ஹவுஸ் திவாலான பிறகு, பூட்டிய விலை இல்லாமல் செலவைத் தாங்கியே கட்டி 2023, 2024இல் ஓட்டினார்கள். மலிவாக முடிந்தது என்று சொன்னால் அது பொய். பயங்கரச் செலவு. ஆனால் அங்கே உலை இருக்கிறது.

நம் ஊர்க் கரும்பு விவசாயிகளிடம் இந்தக் கட்டுரையைக் காட்டினால், "இதுக்கு எதுக்குங்க அமெரிக்கா" என்பார்கள். கரும்புக்கு மத்திய அரசு ஒரு விலையை நிர்ணயிக்கிறது. சர்க்கரை விலை சந்தைப்படி ஏறி இறங்கும். கரும்பு வாங்கிய 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி என்று 1966ஆம் ஆண்டு உத்தரவு சொல்கிறது. சர்க்கரை விலை சரிந்த வருடங்களில் என்ன நடக்கிறது? நிர்ணயித்த விலை நிர்ணயித்தபடியே இருக்கிறது. பணம்தான் வருவதில்லை. அதற்கு 'நிலுவை' என்று பெயர். தாளில் இருக்கும் விலையில் ஆலைக்குச் சலுகை கிடையாது, ஆகவே அது தானாகக் காலத்தில் சலுகை எடுத்துக்கொள்கிறது. அந்த வட்டியைக் கண்ணால் பார்த்த விவசாயி யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். சி. ரங்கராஜன் குழு 2012இல் சர்க்கரை வருவாயில் இத்தனை சதவீதம் கரும்புக்கு என்று பங்கு வைக்கச் சொன்னது. 2018இல் தமிழ்நாடு அந்த வழியில் சட்டமும் போட்டது. வருவாய்ப் பங்கு விவசாயிக்கு எப்போதும் நல்லது என்று நான் சொல்லவில்லை. அதற்கடியில் குறைந்தபட்ச விலை என்ற தரை வேண்டும், ஆலையின் கணக்கைப் பார்க்கும் கண் வேண்டும். ஆனால் ஏறி இறங்கும் ஒன்றோடு ஏறி இறங்காத ஒன்றை முடிச்சுப்போட்டால் அறுபடுவது எந்தக் கயிறு என்று கரும்பு போட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பிளஸ் டூ பொருளியல் பாடத்தில் ஒவ்வொரு விதிக்கும் முன்னால் 'பிற நிலைகள் மாறாதிருக்கும்போது' என்று ஒரு வரி வரும். தேர்வில் அதை விட்டால் அரை மதிப்பெண் போகும். பாடத்தில் அந்த வரி நியாயமானது, ஏனென்றால் அங்கே ஒன்றை மட்டும் அசைத்துப் பார்ப்பதே நோக்கம். அதே மாதிரியை நிதி அறிக்கையில் கொண்டுவந்து வைக்கும்போது அந்த வரி மட்டும் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. 'மாறாதிருந்தால்' என்பது 'மாறாது' ஆகிவிடுகிறது. நிலக்கரி இந்த விலைக்குக் கிடைத்தால் மின்சாரம் 2.26 ரூபாய் என்ற வாக்கியத்தின் முன்பாதியை அழித்துவிட்டு, பின்பாதியை ஐந்து மாநிலங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டன. எல்லாவற்றையும் முன்கூட்டி எழுதிவிடக்கூடிய ஒப்பந்தம் கிடையாது, எழுதாமல் விட்டது வந்து நிற்கும்போது யார் தீர்மானிப்பது என்பதுதான் கேள்வி என்பதை ஆராய்ந்தவர் ஆலிவர் ஹார்ட். 2016இல் அவருக்கு நோபல் கிடைத்தது. முந்த்ராவில் யார் தீர்மானிப்பது என்று முன்பே எழுதிவைக்காததால், ஆணையம், தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம், குழு, அமைச்சகம் என்று ஐந்து பேர் மாறி மாறித் தீர்மானித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை இரவுக்கு வருகிறேன். ஞாயிறு கான்கிரீட்டை நிறுத்தினேன். திங்கட்கிழமை காண்டிராக்டரை வரச்சொல்லி, பழைய முத்திரைத்தாளின் பின்பக்கத்திலேயே எழுதினோம். கூலிக்கும் சென்ட்ரிங்குக்கும் சதுர அடிக் கணக்கு, அதில் ஒரு ரூபாய் ஏறாது. எத்தனை கிலோ கம்பி, எத்தனை மூட்டை சிமெண்டு என்ற அளவு வரைபடப்படி, அதற்கு மேல் போனால் அவர் பொறுப்பு. விலை மட்டும் அன்றன்றைய கடை விலை, கடைக்கு நானே நேராகக் கட்டிவிடுவேன். பத்து எம்எம்மை அவிழ்த்துப் பன்னிரண்டு வைத்தார்கள். ரிங்கெல்லாம் ஆறு அங்குலத்துக்கு வந்தது. அடுத்த பில்லருக்கு மேஸ்திரியே டேப்பை நீட்டி, "பாத்துக்கங்க சார்" என்றார்.

வேலை முடிந்தபோது முதலில் பேசியதைவிட எனக்கு 58,000 ரூபாய் கூடுதலாகியிருந்தது. பால்காய்ச்சு அன்று மாடிக்கு வந்த மச்சான் சுவரைத் தட்டிப் பார்த்தார், பில்லரைச் சுற்றி வந்தார், கணக்கைக் கேட்டார். சொன்னேன்.

"ரேட்டுதான் பேசியாச்சே மாமா, எதுக்குக் குடுத்தீங்க? ஏமாந்துட்டீங்க" என்றார்.